கொலுசுப் பட்டறையில் இருப்புக் கணக்கு உதைக்கிறதா? எங்கே தேடுவது

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு முறை இருப்பு எடுத்துவிடுவது சிவதாபுரத்தில் உள்ள எங்கள் பட்டறை வழக்கம். ஆடி வந்துவிட்டால் கோட்டை மாரியம்மன், குகை, செவ்வாய்ப்பேட்டை என்று சேலமே திருவிழாவில் இருக்கும். வண்டி வேடிக்கை நாளில் வேலைக்கு வாருங்கள் என்று யாரையும் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. அது முடிந்ததும் ஆவணி முகூர்த்த ஆர்டர் வந்து கழுத்தைப் பிடிக்கும். அதனால் ஆடிக்கு முன் கிடைக்கிற இரண்டு நாளில்தான் தட்டு தட்டாக எடுத்து, நிறுத்து, எண்ணி, வரவும் பற்றும் எழுதும் சிட்டையோடு ஒப்பிடுவோம். பெரும்பாலும் முதல் தடவை ஒத்துப்போகாது.

முன்பெல்லாம் 10 கிராம் குறைந்தால் "சேதாரத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவோம். 2025 அக்டோபரில் சென்னையில் வெள்ளி கிராம் 200 ரூபாயைத் தாண்டியதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அந்த விலையிலேயே 10 கிராம் என்றால் 2,000 ரூபாய். கண்ணி கோக்கும் ஒருவருடைய பல நாள் கூலி அது.

கைவேலைப் பொருள் எதுவானாலும் இருப்புக் கணக்கு தவறும். வெள்ளியில் மட்டும் ஒரு வசதி உண்டு. எண்ணிக்கை, எடை என்று இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. இரண்டில் எது பிசகியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். அதனால் உங்கள் கணக்கு எந்த மாதிரி உதைக்கிறதோ அந்தத் தலைப்பில் தேடுங்கள்.

அதற்கு முன் இரண்டே காரியம். சிட்டையில் எதையும் திருத்தாதீர்கள். திருத்தினால் தடயம் போய்விடும். யாரிடமும் "நீ எடுத்தாயா" என்கிற தொனியில் கேட்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறை எண்ணும்போதும் வேறு எண் வருகிறது

இது கணக்குக் கோளாறு இல்லை, எண்ணும் முறையில் கோளாறு. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மெருகுக்குத் தட்டை எடுத்துப் போயிருப்பார், இன்னொருவர் கடைக்காரருக்குக் காட்ட நான்கு ஜோடி எடுத்திருப்பார். எண்ணும் நேரத்தில் வரவும் கூடாது, போகவும் கூடாது. எங்களுக்கு ஞாயிறு காலை 6 முதல் 9 வரை ஒத்துவருகிறது.

எண்ணி முடித்த தட்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். நூல் இருந்தால் அந்தத் தட்டு முடிந்தது. ஒருவர் எண்ண வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். சிட்டையில் என்ன எண் இருக்கிறது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. 48 இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் 47ஐயும் 48 என்றே எண்ணுவார். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், கண்ணின் பழக்கம் அப்படி.

ஜோடி சரி, எடை மட்டும் குறைகிறது

அதிகம் வருவது இதுதான், அதிகம் சந்தேகத்தைக் கிளப்புவதும் இதுதான். பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் தராசு. சமதளத்தில் இருக்கிறதா, குமிழி நடுவில் நிற்கிறதா, மேலே மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். விசிறிக் காற்றில் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஆடிக்கொண்டே இருக்கும், எழுதுகிறவர் ஏதோ ஒன்றை எழுதிவைப்பார். எடைக்கல் வைத்து 100 கிராம், 500 கிராம் இரண்டிலும் சரிபார்த்த பிறகுதான் சரக்கை வையுங்கள். வரவு எழுதிய தராசும் இருப்பு எடுக்கும் தராசும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். ஒன்று 0.01 கிராம் வரை காட்டும், மற்றது 0.1 வரை மட்டும் காட்டும் என்றால் வேறுபாடு வரத்தான் செய்யும். சிலருக்குப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே விட்டுவிடும் பழக்கம் உண்டு. 63.8 என்றால் 63 என்று எழுதுவார்கள். ஜோடிக்குச் சராசரியாக அரை கிராம் போனால் 120 ஜோடிக்கு 60 கிராம் காகிதத்திலேயே காணாமல் போகிறது. சரக்கு தட்டில் பத்திரமாக இருக்கிறது!

அடுத்து நூலும் சீட்டும் கவரும். வரவு எழுதும்போது கவரோடு நிறுத்து, இருப்பு எடுக்கும்போது கவர் இல்லாமல் நிறுத்தால் குறையும். ஒரு கவரும் சீட்டும் சேர்ந்து 0.4 கிராம் என்று வைத்தால் 200 ஜோடிக்கு 80 கிராம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: 10 காலிக் கவரைச் சீட்டோடு நிறுத்து, பத்தால் வகுத்து, ஜோடி எண்ணிக்கையால் பெருக்குங்கள். வரும் எண் உங்கள் குறைவுக்குப் பக்கத்தில் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது.

அப்புறம் ஈரம். இதை நான் கண்ணால் பார்த்தேன். சலங்கை வைத்த கொலுசு 24 ஜோடி, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி, துணியில் ஒற்றி, சாயங்காலமே நிறுத்து வரவு எழுதிவிட்டோம்: 2,148.6 கிராம். மறுநாள் காலை அதே தட்டு, அதே தராசு, 2,139.9. இரவு பூட்டிய அறை, சாவி என் இடுப்பில். 8.7 கிராம் எங்கே போகும்? ஒரு ஜோடியை எடுத்துக் காதோரம் குலுக்கினேன். வழக்கமான சத்தம் வந்தது. அலசிய கூடையில் பின்தங்கியிருந்த ஒன்றை எடுத்துக் குலுக்கினேன், சத்தம் மந்தமாக வந்தது. உள்ளங்கையில் தட்டியதும் சலங்கையின் கீறல் வழியே ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு சலங்கையும் ஒரு குட்டிச் செம்பு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. மரத்தூளில் போட்டு உலர்த்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், தூள் உள்ளே புகுந்து தங்கிவிடும். எங்கள் பட்டறையில் இப்போது ஓர் இரவு காய்ந்த பிறகுதான் எடை.

பிறகு உண்மையான தேய்மானம். கண்ணியைப் பற்றவைக்கப் பொடி வைத்து நெருப்பு ஊதும்போது வெள்ளியில் கலந்த செம்பு மேற்பரப்பில் கறுக்கும். நீர்த்த அமிலத்தில் போட்டால் அந்தக் கறுப்பு கரைந்து போகும். அரம் போட்டால் பொடி உதிரும். மெருகில் இன்னும் கொஞ்சம் போகும். இவற்றையெல்லாம் "சேதாரம்" என்று ஒரே பையில் போடாமல், ஊதுமுன், அமிலத்துக்குப் பின், மெருகுக்குப் பின் என்று மூன்று இடத்தில் ஒரு மாதம் மட்டும் நிறுத்து எழுதுங்கள். உங்கள் பட்டறைக்கு எவ்வளவு போகும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அடுத்தவர் பட்டறைக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. சன்னக் கம்பியில் பற்றவைத்த இடங்கள் நிறைய இருக்கும், உருட்டுக் கொலுசில் அவ்வளவு இருக்காது.

தட்டில் கிடந்து கறுத்ததால் எடை குறைந்தது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்வதால்தான் கறுக்கிறது. அப்போது எடை இம்மியளவு கூடுமே தவிர குறையாது. கறுத்ததைத் தேய்த்து எடுக்கும்போதுதான் வெள்ளியும் சேர்ந்து போகிறது. எனவே "கறுத்துவிட்டது, அதனால்" என்று ஒருவர் சொன்னால், தேய்த்தீர்களா என்று கேளுங்கள். தேய்க்கவில்லை என்றால் காரணம் வேறு.

எடை நூறு கணக்கில் கூடுகிறது அல்லது குறைகிறது

இவ்வளவு பெரிய வேறுபாடு வந்தால் திருட்டையும் தேய்மானத்தையும் விட்டுவிட்டு டச்சைப் பாருங்கள். நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். 1,000 கிராம் சுத்த வெள்ளி கொடுத்து 80 டச்சில் கொலுசு செய்தால், செம்பு சேர்ந்து 1,250 கிராம் ஆகிறது. 92.5 டச் என்றால் சுமார் 1,081 கிராம். கொடுத்த பக்கம் சுத்த எடையும் வந்த பக்கம் மொத்த எடையும் எழுதியிருந்தால் 250 கிராம் லாபம் வந்த மாதிரி தெரியும். அந்தக் கொலுசை விற்றுவிட்டு, விற்ற பக்கம் சுத்த எடையில் கழித்திருந்தால், தட்டில் இல்லாத வெள்ளி சிட்டையில் தங்கிவிடும்.

சிட்டையில் எடைக்கு இரண்டு கட்டம் போடுங்கள், மொத்தம் ஒன்று, சுத்தம் ஒன்று. 2,400 கிராம், 80 டச் என்றால் சுத்தம் 1,920. வரவோ பற்றோ, இரண்டு கட்டமும் நிரம்பாமல் வரியை முடிக்காதீர்கள். பழைய கொலுசு மாற்ற வருகிறவர்களிடம் வாங்கியதையும் இப்படித்தான் எழுத வேண்டும். எங்கள் கணக்கில் பல நாள் குழப்பம் செய்தது இந்தப் பழைய வெள்ளிதான். 65 டச்சோ 70 டச்சோ உள்ள பழசை 80 டச் சரக்கோடு ஒரே டப்பாவில் போட்டுவிட்டால், பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது, உருக்கி டச் பார்க்கத்தான் வேண்டும்.

எடை சரி, ஜோடி எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை

சந்தோஷப்படுங்கள், பொருள் எங்கும் போகவில்லை. யாரோ ஒத்தையை ஜோடி என்று எழுதியிருக்கிறார்கள், அல்லது ஜோடியை இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா "ரெண்டு கொடுத்தேன்" என்றால் இரண்டு ஜோடி. வேலைக்கு வரும் தம்பி "ரெண்டு" என்றால் ஒரு ஜோடி. இருவர் எழுத்தும் ஒரே சிட்டையில் இருந்தது. இப்போது "ஜோ" அல்லது "ஒ" என்று எண்ணுக்குப் பக்கத்தில் எழுதாமல் யாரும் எழுதக் கூடாது.

பழுதுக்காகப் பிரித்த ஒத்தைகளும் இதில் சேரும். கொக்கி உடைந்து ஒரு கால் கொலுசு பட்டறையில், மறு கால் கொலுசு தட்டில் என்று கிடக்கும். ஒத்தைக்கென்று தனியாக ஒரு டப்பா வையுங்கள்.

மொத்தம் சரி, அளவு வாரியாக உதைக்கிறது

10 அங்குலத்தில் மூன்று ஜோடி குறைவு, 10.5இல் மூன்று ஜோடி அதிகம். பார்த்தவுடன் புரிகிறது அல்லவா? தட்டு மாறிப் போயிருக்கிறது. கொக்கியைச் சேர்த்து அளந்தவர் ஒருவர், விட்டு அளந்தவர் ஒருவர். மேசை ஓரத்தில் இரும்பு அளவுகோலை ஆணி அடித்து வைத்துவிட்டு, கொக்கி நுனியிலிருந்து கடைசி வளையம் வரை என்று ஒரே முறையில் அளந்தால் போதும்.

கணக்கை விடச் சரக்கு அதிகமாக இருக்கிறது

பலர் இதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தயவுசெய்து தூங்காதீர்கள். அதிகம் இருப்பது என்றால் அது வேறு யாருடையதாகவோ இருக்கலாம். பழுதுக்கு வந்த வாடிக்கையாளர் கொலுசு உங்கள் தட்டில் கலந்திருக்கும். வேலைக்குக் கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்ததை வரவு எழுதாமல் விட்டிருப்பீர்கள். அப்படியானால் கொண்டுவந்து கொடுத்தவர் பேரில் இன்னும் பாக்கி நிற்கிறது என்று பொருள். கடைக்காரர் திருப்பி அனுப்பிய சரக்கும் அப்படித்தான், அவர் கணக்கில் பணம் கழியாமல் நிற்கும். குறைந்தால் நமக்கு நஷ்டம், கூடினால் பெரும்பாலும் அடுத்தவருக்கு நஷ்டம். அதனால் குறைவைத் தேடும் அதே அக்கறையோடு இதையும் தேட வேண்டும்.

ஒருவர் பேரில் மட்டும் குறைவு நிற்கிறது

கண்ணி கோக்க, சலங்கை வைக்க என்று அக்கம்பக்க வீடுகளுக்குக் கொடுக்கிறோம். சில வருடங்களுக்கு முன் அப்படி ஓர் அக்கா பேரில் 46 கிராம் குறைவு நின்றது. எங்களிடம் வெகுநாளாக வேலை செய்கிறவர். நான் நேராக அவர் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, 46 கிராம் வரலையே, எங்க போச்சு?" என்று கேட்டேன். கேட்ட விதம் தப்பு. கேட்கும்போது அவருடைய மருமகள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"தம்பி, நான் கொண்டாந்தப்ப நீங்க இல்லீங்க. அம்மாதான் வாங்கி வெச்சாங்க" என்றார், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு நினைவில்லை. மூன்று நாள் கழித்து விளக்கேற்ற எண்ணெய் எடுக்கும்போது பூஜை அலமாரியில், மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவில், ஈரத் துணியில் சுற்றிய கண்ணிச் சரம் இருந்தது. 46.1 கிராம். தட்டு அறை பூட்டியிருந்ததால் பத்திரமான இடம் என்று அம்மா அங்கே வைத்திருக்கிறார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேலையை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டில் டீ குடிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி வாசலோடு போய்விடுவார். அந்த 46 கிராமை விட அதுதான் எனக்கு இன்னும் கனக்கிறது.

எனவே ஒருவர் பேரில் குறைவு நின்றால், அவரைக் கேட்பதற்கு முன் நம் வீட்டில் தேடுங்கள். நாம் இல்லாதபோது யார் வாங்கினார்கள், எங்கே வைத்தார்கள்? வேறொருவர் பக்கத்தில் வரவு எழுதிவிட்டோமா? ஒரே பெயரில் இரண்டு பேர் வேலை செய்கிறார்களா? பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கொடுத்த வெள்ளியும் பொடியும் ஒரு பக்கம். திரும்பி வந்த வேலை, வெட்டுத் துண்டு, அரப்பொடி, பேசிவைத்த சேதாரம் நான்கும் மறுபக்கம். வெட்டுத் துண்டு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, மடித்த காகிதத்தில் அப்படியே டப்பாவுக்குள் போய்விடும். ஊதுவதற்குக் கொடுக்கும் பொடியும் அப்படித்தான். அது கொலுசோடு சேர்ந்து எடையாகத் திரும்பி வரும், கொடுத்த பக்கத்தில் மட்டும் இருக்காது. அதனால் ஒரு வாரம் குறைவாகவும் மறுவாரம் கூடுதலாகவும் காட்டும்.

இப்போது எங்களிடம் இரட்டைச் சீட்டு. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் தேதி, எண்ணிக்கை, எடை மூன்றும் எழுதி, ஒரு பிரதி அவர்களிடம், ஒன்று நம்மிடம். நான் இல்லாவிட்டால் அம்மா எழுதுவார். எடை போடத் தெரியாவிட்டாலும் "ஒரு சரம், வாங்கினேன்" என்று எழுதினால் போதும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இது சட்டப்படியும் தேவை. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலி வேலைக்குப் போன வெள்ளி உங்கள் சரக்குதான், டெலிவரி சலானோடு போய் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி வரும்.

ஏற்காட்டுக்குப் போன சரக்கு

ஏரிப் பக்கம் உள்ள ஒரு கடைக்கு மே மாதக் கோடை விழா சமயத்தில் குழந்தைக் கொலுசும் மெட்டியும் அப்ரூவலில் கொடுப்போம். விற்றதற்குப் பணம், விற்காதது திரும்பி வரும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் எண்ணிப் பார்க்கச் சோம்பல்பட்டு, போனில் "எவ்வளவு இருக்குங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்ட வருடங்களில் எல்லாம் கணக்கு உதைத்தது. அங்கே காட்சிப் பெட்டியில் இருப்பதை மட்டும் எண்ணிச் சொல்வார்கள், இழுப்பறையில் இருப்பது விட்டுப்போகும். நேரில் போக முடியாவிட்டால் தட்டைப் பரப்பிப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அப்ரூவல் சரக்குக்குச் சிட்டையில் தனிப் பக்கம் வேண்டும். அது விற்பனையும் இல்லை, தட்டு இருப்பும் இல்லை. அனுப்பி ஆறு மாதம் ஆகிவிட்டால் விற்காவிட்டாலும் பில் போட்டாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஒரு வரி: கூரியரில் திரும்பி வந்த பார்சல் பிரிக்காமல் மூலையில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் உதைக்கிறது

வேறுபாட்டு எண்ணையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் மாறி விழுந்திருக்கலாம். 53ஐ 35 என்று எழுதினால் வித்தியாசம் 18, 9ஆல் வகுபடும். அதே 18ஐப் பாதியாக்கி, 9 ஜோடி என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். வரவில் எழுத வேண்டிய 9ஐப் பற்றில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகி 18 ஆகும். பழைய கணக்கப்பிள்ளைகளின் வழி இது. எக்செல்லில் எழுதினாலும் விரல் விரல்தான், இன்றும் பலிக்கிறது.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் கடைசியாக ஒத்துப்போன நாளைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து இன்று வரை உள்ள நாட்களைப் பாதியாக வெட்டி, நடுநாளில் இருப்பு என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று சீட்டுகளை வைத்துக் கூட்டுங்கள். சிட்டையோடு ஒத்தால் பிழை பின்பாதியில், ஒக்காவிட்டால் முன்பாதியில். ஒரு மாதக் கணக்கு என்றால் இப்படி நான்கைந்து முறை வெட்டினால் ஓரிரு நாளுக்குள் வந்து நின்றுவிடும். அந்த நாளில் யாருக்குக் கல்யாணம், யார் ஊரில் இல்லை, யார் புதிதாகச் சிட்டை எழுதினார் என்று வீட்டில் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் நினைவு வந்துவிடும்.

உண்மையில் யாராவது எடுத்திருந்தால்? அதுவும் நடக்கிறது, மறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு தடவை வந்த குறைவை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒரே தட்டு, ஒரே மாதிரிச் சரக்கு, ஒரே நேரம் என்று மூன்று எண்ணலில் தொடர்ந்து வந்தால், அப்போது அந்தத் தட்டை மட்டும் வாரம் ஒரு முறை எண்ணுங்கள். எல்லோருக்கும் தெரியும்படி, எல்லோர் முன்னாலும்.

கடைசியில் கிடைக்காமல் போன அளவைத் திருத்த வரியாக எழுதிவிடுங்கள். பழைய வரியை அடிக்க வேண்டாம், கீழே புதிதாக எழுதுங்கள். போன ஆனியில் நாங்கள் எழுதியது இப்படி: "இருப்பு எடை குறைவு 6.2 கிராம். தராசு, கவர், ஈரம், வெட்டுத் துண்டு பார்த்தாகிவிட்டது. ஏற்காடு சரக்கு போட்டோ பார்த்தாகிவிட்டது. காரணம் கிடைக்கவில்லை. யார் பேரிலும் போடவில்லை." அதன் கீழே இரண்டு கையெழுத்து, ஒன்று என்னுடையது, இன்னொன்று கூட இருந்து எண்ணியவருடையது.